ஐஸ் பெட்டி கைவிடும்போது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

குடும்பத்தோடு ஒன்றிரண்டு நாள் காரிலோ வேனிலோ கிளம்பும்போது எடுத்துப்போகும் 25 முதல் 30 லிட்டர் ஐஸ் பெட்டிக்காக எழுதியது இது. சிறிய பெட்டிக்கும் பெரிய பெட்டிக்கும் கணக்கு மட்டும்தான் மாறும், முறை மாறாது. ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். ரப்பர் மாற்றி, ஃபோம் அடித்து, புதுப் பெட்டியும் வாங்கிய பிறகும் ஐஸ் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் தவறு வீட்டில் பெட்டியை அடுக்கும்போதே நடந்திருக்கும்.

## எல்லாவற்றுக்கும் முன்: பழுது பெட்டியிலா, அடுக்குவதிலா?

ஒரு நாள் முன்னதாக வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். பெட்டிக்குள் ஒரு மணி நேரம் கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி, உட்புறத்தைக் குளிர வைத்துவிட்டு அந்த ஐஸையும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். பிறகு 3 கிலோ ஐஸ் போடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே போடாமல், மேலே நீர் கசியத் தொடங்கியதும் போட வேண்டும். மூடி, வெயில் படாத அறையில் 6 மணி நேரம் திறக்காமல் வைத்து, கரைந்த தண்ணீரை மட்டும் அளந்து பாருங்கள்.

- ஏறக்குறைய ஒரு லிட்டர்: பெட்டி நன்றாக இருக்கிறது. அடுக்கும் முறையைத் திருத்தினால் போதும்.
- ஒன்றரை லிட்டருக்கு மேல்: மூடி, ரப்பர், உள்ளிருக்கும் ஃபோம் இவற்றில் ஒன்று பழுது. (2 செ.மீ. தடிமனுள்ள தெர்மாகோல் பெட்டியானால் ஒன்றரை லிட்டர் சகஜம்.)

## அறிகுறி 1: காலையில் போட்ட ஐஸ் மதியத்துக்குள் தண்ணீராகிவிடுகிறது

உள்ளே போனது சூடான சரக்கா? இதுதான் முதல் சந்தேகம், பெரும்பாலும் கடைசிச் சந்தேகமும் இதுவே. 32 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 4 டிகிரிக்கு இறக்கவே சுமார் 350 கிராம் ஐஸ் கரைய வேண்டும். கடையில் வெளியே அடுக்கியிருந்த பாட்டில்கள் பத்தை அப்படியே போட்டால் மூன்றரைக் கிலோ ஐஸ் அதற்கே போய்விடும். நீங்கள் போட்டதே 5 கிலோ என்றால் ஊர் எல்லை தாண்டும்போது கையில் மிஞ்சுவது ஒன்றரைக் கிலோதான். பெட்டிக்குள் போகும் எல்லாப் பொருளும் முந்தைய இரவே ஃப்ரிட்ஜில் இருந்திருக்க வேண்டும்.

பெட்டியே சூடாக இருந்ததா? பரணிலோ மொட்டை மாடி அறையிலோ கிடந்த பெட்டியைக் காலையில் இறக்கி, தட்டி, உடனே ஐஸ் கொட்டினால், சுவரைக் குளிர்விக்கவே அரைக் கிலோ வரை செலவாகும். முந்தைய இரவே பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஐந்தாறு உறைந்த பாட்டில்களை உள்ளே போட்டு மூடிவையுங்கள். காலையில் அவற்றை எடுத்துவிட்டுப் புது ஐஸ் போடுங்கள்.

எந்த ஐஸ்? ஃப்ரீசரிலிருந்து வரும் ஐஸ் காய்ந்து, மேலே வெண்பனி படிந்திருக்கும். கடையில் சாக்கில் கட்டி வைத்திருக்கும் உடைத்த ஐஸ் நனைந்து பளபளக்கும். அதில் ஒரு பங்கு ஏற்கெனவே தண்ணீர். தூளாக உடைத்தது சீக்கிரம் குளிர்விக்கும், சீக்கிரம் தீரும். பெரிய கட்டி மெதுவாகக் கரையும். பெரிய கட்டிகளும் அவற்றின் இடுக்குகளில் தூளும் இருப்பதே சரி.

வீட்டு ஃப்ரீசரில் 1 லிட்டர் பாட்டில்களை உறைய வைப்பது இதைவிடச் சிறந்தது. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும். அதனால் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல்கடை விட்டு நிரப்புங்கள். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. 1 லிட்டர் கல்லாக உறைய ஓர் இரவும் பகலும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். உருகினால் குடிதண்ணீர், பெட்டிக்குள் சகதியும் இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் பாட்டிலோடு உங்கள் ஐஸும் போய்விடும். அந்தப் பயணத்துக்கு எவர்சில்வர் டப்பாவில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்காமல் உறைய வைத்துக்கொள்ளுங்கள். சூடு காக்கும் ஃபிளாஸ்க்கை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உள்சுவர் விரிசல் விடும்.

அளவு போதுமா? பெட்டியின் கொள்ளளவில் பாதி ஐஸ் என்பது ஒரு நாளுக்கான கணக்கு. இரண்டு நாள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. “கொஞ்சூண்டு ஐஸ் போட்டால் போதும், பெட்டி பார்த்துக்கொள்ளும்” என்பது நடக்காது. பெட்டி குளிரைத் தயாரிப்பதில்லை, போட்டதைக் காவல் காக்கிறது.

எங்கே வைத்தீர்கள்? வெயிலில் நிற்கும் காரின் டிக்கி மிக மோசமான இடம். வேனில் ஓட்டுநர் பக்கத்தில் இன்ஜின் மேட்டின் மீது வைப்பதும் அப்படியே. மேல் கேரியரில் கட்டுவதைச் சொல்லவே வேண்டாம். ஏ.சி. காற்று வரும் பின் சீட்டுக் காலடி நல்ல இடம். வெளியில் இறக்கினால் நிழலில், தரையிலிருந்து ஒரு பலகைமேல் வையுங்கள். கடற்கரை மணலில் நேரே வைத்தால் அடிப்பக்கம் வழியாகச் சூடு ஏறும். மதுரை, திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தினால் நன்றாகப் பலன் தரும். சென்னை, ராமேஸ்வரம் போன்ற கடலோரப் புழுக்கத்தில் சாக்கு காயாது, பலனும் குறைவு.

எத்தனை முறை திறக்கிறீர்கள்? பிள்ளைகள் தண்ணீருக்காகத் திறக்கிற பெட்டியும் பால், இறைச்சி இருக்கிற பெட்டியும் ஒன்றாக இருந்தால் ஐஸ் நிற்காது. தண்ணீருக்குத் தனியாக ஒரு மலிவான பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் எடுத்த காலி இடத்தைத் துண்டாலோ கசக்கிய செய்தித்தாளாலோ அடைத்துவிடுங்கள்.

மூடியில் இடைவெளி இருக்கிறதா? இருட்டறையில் செல்போன் டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். எங்கே வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கேதான் குளிர் போகிறது. வெளிச்சம் தெரியாத பெட்டியில் ஒரு காகிதத் துண்டை மூடியிடுக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் மெல்லிய பூச்சாக வாசலின் தடவினால் பாதி நேரம் அதுவே போதும். ரப்பரே இல்லாத மலிவுப் பெட்டிகளுக்கு, ஹார்ட்வேர் கடையில் கதவுக்கு ஒட்டும் 5 மி.மீ. ஃபோம் டேப் கிடைக்கும். பெட்டியின் விளிம்பைச் சுற்றி ஒட்டுங்கள். மூடி அதற்குமேல் அழுந்தி மூட வேண்டும். டேப் தடிமனாகி மூடி எழும்பி நின்றால் முன்பைவிட மோசமாகிவிடும்.

மூடிக்குள் ஃபோம் இருக்கிறதா? விரல் முட்டியால் தட்டுங்கள். பெட்டியின் பக்கச்சுவர் ‘தொப்’ என்று அடங்கிய ஒலி தரும். மூடி தகரடப்பாபோல் ஒலித்தால் உள்ளே வெறும் காற்று. விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. எளிய மாற்று: 2.5 செ.மீ. தெர்மாகோல் பலகையைப் பெட்டியின் உள்ளளவுக்கு வெட்டி, சுத்தமான பாலிதீன் உறையில் சுற்றி, பொருள்களின் மேலேயே படுக்க வையுங்கள். அதற்குமேல் மூடுங்கள். மூடியில் துளையிட்டு ஸ்ப்ரே ஃபோம் அடிப்பவர்கள் உண்டு. ஒரே நேரத்தில் நிறைய அடித்தால் அது விரிந்து மூடியை வளைத்துவிடும். அடைபட்ட இடத்தில் ஈரக்காற்று கிடைக்காமல் உள்ளே பிசினாகவே தங்கவும் செய்யும். இரண்டு மூன்று துளை போட்டு, சிறிது சிறிதாக, நாளுக்கு ஒரு முறை அடிக்கப் பொறுமை இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 6 மணி நேரச் சோதனையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் கரைந்தால் சுவருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. அறிகுறி 3-ஐப் பாருங்கள்.

## அறிகுறி 2: ஐஸ் இருக்கிறது, பாட்டில் சில்லென்று இல்லை

ஐஸ் அடியில், பாட்டில் மேலே. இதுதான் காரணம். குளிர் கீழே தங்கும், மேலே ஏறாது. பாட்டில்களைக் கீழே நிறுத்தி ஐஸை மேலிருந்து கொட்டுங்கள்.

அவசரமாகக் குளிர வேண்டுமானால் ஐஸோடு பாட்டில் மூழ்கும் அளவு தண்ணீரும் ஊற்றுங்கள். வெறும் ஐஸ் பாட்டிலை ஆங்காங்கே தொடுகிறது, ஐஸ் தண்ணீர் சுற்றிலும் தொடுகிறது. 20 நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டால் இன்னும் வேகமாகக் குளிரும், ஆனால் ஐஸும் வேகமாகத் தீரும். மாலைவரை ஐஸ் வேண்டுமென்றால் உப்பைத் தொடாதீர்கள்.

கரைந்த தண்ணீரை வடிக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பாட்டில் மட்டும் இருந்தால் வடிக்காதீர்கள். ஐஸ் மிதக்கும்வரை அந்தத் தண்ணீரும் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரிதான். வடித்தால் அந்த இடத்தில் சூடான காற்று புகும். உணவு இருந்தால் வடித்துவிடுங்கள்.

## அறிகுறி 3: பெட்டிக்கு வெளியே வேர்க்கிறது

கடலோர ஊர்களில் மூடியின் விளிம்பைச் சுற்றி லேசாக நீர் கோர்ப்பது பழுது அல்ல. ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாக வேர்த்தால் அந்த இடத்தில் ஃபோம் இல்லை, அல்லது நனைந்திருக்கிறது.

பெட்டியை நன்றாகக் காயவைத்து எடை போட்டுப் பாருங்கள். வாங்கியபோது இருந்த எடையைவிட அரைக் கிலோ கூடியிருந்தால் சுவருக்குள் தண்ணீர். ஆட்டினால் ‘களக் களக்’ என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் புகும் வழிகள் மூன்று: உட்சுவரில் கத்தி அல்லது ஐஸ் குத்தும் ஊசி பட்ட கீறல், கீல் மற்றும் கைப்பிடி திருகுகளின் துளை, வடிகுழாய் போகும் இடம்.

மயிரிழைக் கீறலுக்கு மீன்தொட்டிக்குப் பயன்படும் வகையான, பூஞ்சை மருந்து கலக்காத சிலிகான் பூசி 24 மணி நேரம் காய விடுங்கள். திருகுகளைக் கழற்றி, துளைக்குள் அதே சிலிகானைத் தடவி மீண்டும் முடுக்குங்கள். பூசுவதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்து, வடிகுழாய் அடைப்பைக் கழற்றி, சில நாள் நிழலில் வைத்து நீர் இறங்க விட வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் அது வெளியேறவே முடியாது.

கீறல் விரல் நுழையும் அளவு இருந்தால் வீட்டு வைத்தியம் நிற்காது. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, பம்பர் வெல்டிங் செய்பவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் கூலி பெட்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பெட்டியை மாற்றிவிடலாம்.

## அறிகுறி 4: கீழே ஒழுகுகிறது

முதலில் வடிகுழாய் அடைப்பைக் கழற்றிப் பாருங்கள். மணலோ மீன் செதிலோ வாஷரில் ஒட்டியிருக்கும், அலம்பினால் போதும். வாஷர் தட்டையாகிப் போயிருந்தால் பிளம்பிங் கடையில் அதே அளவு ரப்பர் வாஷர் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மரை தேய்ந்திருந்தால் டெஃப்லான் டேப்பை நான்கைந்து சுற்று, முடுக்கும் திசையிலேயே சுற்றுங்கள். அதற்கும் ஒழுகினால் வடிகுழாயே வேண்டாம் என்று எம்-சீல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டு, தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிக்கொள்ளலாம்.

அடைப்பு சரியாக இருந்தும் ஒழுகினால் அது கீறல். அறிகுறி 3.

## அறிகுறி 5: உள்ளே இருந்தும் சாப்பாடு கெட்டுவிடுகிறது

ஃப்ரிட்ஜுக்கு விற்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே போட்டுவையுங்கள். 5 டிகிரிக்குள் இருக்கும்வரை பால், இறைச்சி, மீன் நிற்கும். 5-ஐத் தாண்டி இரண்டு மணி நேரம் ஆனால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே ஆனாலும், இறைச்சியையும் மீனையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள். கெடுதல் செய்யும் கிருமிகள் பல நாற்றம் காட்டுவதில்லை.

தேங்காய்ச் சட்னி முதலில் போகும். அரைத்ததும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அகலமான டப்பாவில் ஐஸை ஒட்டி வைத்தால் மதியம்வரை நிற்கும். அதைவிட, இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் எடுத்துப்போங்கள். புளியோதரைக்கும் ஐஸ் பெட்டியில் இடம் தராதீர்கள். அதற்குக் குளிர் தேவையில்லை, சோறும் விறைத்துப்போகும். தயிர்சாதத்தைப் பால் நிறைய ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் வெளியில் வைத்தே மதியத்துக்குப் பதமாகும்.

பால் பாக்கெட் எப்போதும் நடுவில், ஐஸ் இருபுறமும். இரண்டாம் நாள் காப்பிக்கு அட்டைப்பெட்டியில் வரும் நீண்டநாள் பாலை வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்கும்வரை அதற்கு ஐஸே வேண்டாம்.

மசாலா தடவிய கோழியை இரண்டு விரல் தடிமனுக்குத் தட்டையாகப் பையில் பரப்பி, கல்லாக உறைய வைத்து எடுத்துப்போங்கள். அதுவே ஐஸாகவும் வேலை செய்யும். பச்சை இறைச்சி எப்போதும் அடியில் இருக்கட்டும். வெட்டிய பழத்துக்குமேல் அதன் நீர் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தப் பழம் வேண்டாம்.

மீன்: திரும்பி வரும்போது தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ வாங்கி வருவது வழக்கம். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், இதில் சிக்கனம் கூடாது. குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவி, அடியில் ஒரு வரிசை உடைத்த ஐஸ், மேலே மீன், மீண்டும் ஐஸ் என்று அடுக்குங்கள். வயிற்றுக்குள்ளும் ஐஸ் அடையுங்கள். வடிகுழாயைத் திறந்தே விட்டு, கீழே ஒரு வாளியோ தட்டோ வையுங்கள். இரத்தநீரில் ஊறும் மீன்தான் முதலில் கெடுகிறது. துறைமுக ஐஸ் மீனுக்காக வந்தது, அதை மோருக்கோ ஜூஸுக்கோ போடாதீர்கள். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். சூட்டில் கிடந்தால் இவற்றில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

## அறிகுறி 6: வைத்த பொருள் உறைந்துவிட்டது

வெள்ளரிக்காயோ முட்டையோ உறைந்தால் நஷ்டம் சிறிது. இன்சுலின் உறைந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். உருகிய பிறகு பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் போட்டுக்கொள்ளக் கூடாது. பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கையோ ஐஸையோ மருந்தோடு ஒட்டி வைப்பதுதான் காரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டியை அடுக்குபவர்கள் ஐஸ் பேக்கை வெளியே வைத்து, ஆட்டும்போது உள்ளே தண்ணீர் அசையும் ஒலி கேட்ட பிறகே உள்ளே வைப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மருந்தை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைத் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, தெர்மாமீட்டரோடு வையுங்கள். உறைந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே மருந்துக்கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள், இங்கே ஊகம் வேண்டாம்.

## அறிகுறி 7: நாற்றம் போகவில்லை

ஒரு லிட்டர் வெந்நீருக்கு நான்கு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, ரப்பர் இடுக்கையும் வடிகுழாயையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நாற்றம் குடியிருப்பது அங்கேதான், சுவரில் அல்ல. போகவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. பிளீச் கலந்து பத்து நிமிடம் விட்டு நன்றாக அலம்புங்கள். பிளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ சேரவே கூடாது, நச்சுவாயு வரும். காய்ந்த பிறகு மூடியிடுக்கில் ஒரு துணிக்கிளிப் வைத்து, மூடாமல் அடுக்கிவையுங்கள். இவ்வளவும் செய்து நாற்றம் சுவரிலிருந்தே வந்தால், உள் ஃபோம் அழுகிய நீரைக் குடித்திருக்கிறது. அந்தப் பெட்டியில் இனி உணவு வைக்காதீர்கள்.

## அறிகுறி 8: காரில் சொருகும் 12 வோல்ட் பெட்டி குளிரவில்லை

கம்ப்ரஸர் இல்லாத வகை, வெளிவெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரிதான் இறக்கும். வெயிலில் நின்ற காருக்குள் 45 டிகிரி என்றால் பெட்டிக்குள் 25 முதல் 30. இது பழுதில்லை, அதன் எல்லை அவ்வளவுதான். அதில் இறைச்சியை நம்பி வைக்காதீர்கள்.

அதற்கும் குறைவாகக் குளிர்ந்தால்: சூடு/குளிர் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். விசிறி வாயிலில் தூசியைத் துடைத்து, சுற்றிலும் நாலு விரல் இடம் விடுங்கள். விசிறி சுற்றவே இல்லையென்றால் கார் சாக்கெட்டின் ஃப்யூஸைப் பாருங்கள், போனதற்குப் பதில் அதே ஆம்பியர் ஃப்யூஸையே போடுங்கள். இரண்டாவதும் உடனே போனால் நிறுத்திவிட்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பெரிய ஃப்யூஸ் போட்டால் வயர் எரியும். இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு மணி நேரம் ஓடவிட்டால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். கம்ப்ரஸர் வகை ஓடிக்கொண்டே இருந்தும் குளிராவிட்டால் கேஸ் பிரச்சினையாக இருக்கலாம். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைத் தவிர யாரும் கை வைக்க வேண்டாம்.

## பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

கவிழ்த்து வைத்தும் சுவருக்குள்ளிருந்து வடியாத தண்ணீர், நெளிந்த மூடி, நாற்றம் ஏறிய ஃபோம். இந்த மூன்றில் எது இருந்தாலும் பழுது பார்க்கச் செலவழிக்காதீர்கள்.

கடையிலேயே மூடியைத் தட்டிப் பாருங்கள், டார்ச் சோதனையும் செய்யுங்கள். சுவர் தடிமன் இரண்டரை செ.மீ. இருந்தால் ஒரு நாள் பயணத்துக்குப் போதும். ஐந்து செ.மீ. சுவருள்ள கனமான பெட்டி மூன்று நாள் தாங்கும், ஆனால் காலியாகவே தூக்கச் சிரமம், உள்ளே இடமும் குறைவு. ஒரே ஒரு பயணத்துக்கு என்றால் மீன் கடைத் தெர்மாகோல் பெட்டியே போதும். விளிம்பைப் பிரவுன் டேப்பால் சுற்றினால் உடையாது. 50 லிட்டர் பெட்டி நிறைந்தால் 45 கிலோவுக்கு வரும், தூக்க இரண்டு பேர் வேண்டும். அதற்குப் பதில் 25 லிட்டரில் இரண்டாக வாங்கி, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் சாப்பாடும் வையுங்கள்.